அவுட்டோர் ஷூட்டிங்குக்கு வசனம் எழுதுபவரும் கூடப் போக வேண்டுமா?

புதுப்பேடு (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சீரியலுக்குத் தனியாக வசனம் எழுத முதல் தடவை வாய்ப்பு வந்திருக்கிறது. இதுவரை ஒரு சீனியர் எழுத்தாளரிடம் உதவியாளராக இருந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது, டைப் அடித்து ஸ்பாட்டுக்கு அனுப்புவது, இதுதான் என் வேலை. ஷூட்டிங் பக்கம் அதிகம் போனதில்லை.

இப்போது எழுதப் போகும் கதை செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் நடக்கிறது. முதல் ஷெட்யூல் மட்டும் கானாடுகாத்தான் பக்கம். அப்புறம் எல்லாம் வளசரவாக்கத்தில் ஒரு பங்களாவில்தான். புரொடக்‌ஷன் மேனேஜர், "நீங்க எதுக்குத் தம்பி அங்கே? எழுதி வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, போதும்" என்கிறார். டைரக்டர் "வர்றதுன்னா வாங்க" என்று மட்டும் சொன்னார். என் சொந்தச் செலவில்தான் போக வேண்டியிருக்கும். அப்படிப் போனால் பிரயோஜனம் உண்டா? ஸ்பாட்டில் எழுத்தாளருக்கு உண்மையில் என்னதான் வேலை? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கிளாப்பலகை:

போங்க தம்பி. நான் அசோசியேட் டைரக்டர். எழுத்தாளர் ஸ்பாட்டில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

வசனப் பேப்பரில் "தோட்டத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள்" என்று இருக்கும். அங்கே ஊஞ்சலும் இருக்காது, தோட்டமும் இருக்காது. உங்களுக்கு போன் போடுவோம், நீங்கள் எடுக்க நாலு நிமிஷம் தாமதமானால் நானே ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவேன். அது என் வரி, ஆனால் டைட்டிலில் வருவது உங்கள் பேர்.

இன்னொன்று பிராம்ப்டிங். ஹீரோயினுக்குத் தமிழ் தெரியாது என்று வையுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நான் ஒவ்வொரு வரியாகச் சொல்வேன், அவர் கேட்டுப் பேசுவார், பின்னால் டப்பிங்கில் வேறொருவர் குரல் கொடுப்பார். நீங்கள் மூன்று வரிக்கு நீளமாக ஒரே வாக்கியம் எழுதியிருந்தால் நடுவில் எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியாது. வெட்டிய இடத்தில் அவர் முகம் ஒரு நொடி காலியாக நிற்கும். அதை ஒரு தடவை நேரில் பார்த்தாலே உங்கள் வாக்கியங்கள் தானாகச் சின்னதாகிவிடும்.

---

பேனாக்காரி:

தம்பி, கட்டாயம் போங்கள். டிக்கெட் காசைப் பெரிதாக நினைக்காதீர்கள்.

நான் தூர்தர்ஷன் 13 வாரத் தொடர்களில் எழுத ஆரம்பித்தவள். தனியார் சேனல்கள் வந்த பிறகு அவற்றுக்கும் எழுதினேன். 1990களின் பிற்பகுதியில் ஒரு வாரத் தொடருக்காக, நீங்கள் சொல்லும் அதே பகுதியில், ஒரு வீட்டில் யூனிட்டோடு இருந்து எழுதியிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

எனக்குத் தனி ரூம் கிடையாது. காரைக்குடி லாட்ஜில் ஹேர்டிரெஸ்ஸர் அக்காவும் இரண்டு நடிகைகளின் அம்மாக்களும் நானும் ஒரே அறை. காலை ஆறரைக்கு வேன். பகலில் ஷூட்டிங், ராத்திரி மறுநாள் சீன். கார்பன் பேப்பர் வைத்து எழுதி டைரக்டருக்கு ஒன்று, அசிஸ்டென்டுக்கு ஒன்று, காஸ்ட்யூமருக்கு ஒன்று கொடுப்பேன். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அந்த வீடுதான் விஷயம்.

நாம் எல்லோருமே சென்னை ஷூட்டிங் பங்களாவை மனசில் வைத்துத்தான் எழுதுகிறோம். வாசல், ஹால், சோபா, மாடிப்படி, டைனிங் டேபிள். வாசலில் மாமனார் வந்து நின்றால் மருமகள் நாலு எட்டில் வந்துவிடுவாள். அந்த நாலு எட்டுதான் நம் வசனத்தின் அளவு. செட்டிநாட்டு வீடு அப்படி இல்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, முகப்பு, அதைத் தாண்டி வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், அப்புறம் இரண்டாங்கட்டு என்கிற அடுத்த பகுதி, அதற்கும் பின்னால் அடுப்படி. எல்லா நிலைக்கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்வாசலில் நின்று பார்த்தால் கடைசிக் கதவுக்கு அந்தப் பக்கம் பின்தெரு வெளிச்சம் தெரியும்.

இந்த வீட்டில் யாரும் யாரையும் திடுக்கிட வைக்க முடியாது. என் பேப்பரில் ஒரு சீன்: சண்டை போட்டுக்கொண்டு போன மகள் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள், அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்து அதிர்ச்சியாகிறாள், அப்புறம் இரண்டு பேருக்கும் ஒன்றரைப் பக்கம் வசனம். அம்மாவாக நடித்தவர் நாடக மேடையிலிருந்து வந்தவர். ரிகர்சலுக்கு அடுப்படியிலிருந்து முன்வாசல் வரை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இவ்வளவு தூரத்துலேயே மகள் வந்தது எனக்குத் தெரிஞ்சு போச்சு. இத்தனை தூரம் நடந்து வர்றேன். நடக்கும்போது நான் என்ன நினைச்சுக்கிட்டு வரணும்னு நீ எழுதலையே?"

டைரக்டரும் நானும் உட்கார்ந்து அந்த ஒன்றரைப் பக்கத்தையும் எடுத்துவிட்டோம். முன்வாசலில் பெட்டியோடு மகள் நிற்கிறாள். பின்னால் அடுப்படியில் மாவு சலித்துக்கொண்டிருக்கும் அம்மா தலையை நிமிர்த்துகிறார். எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வேகமாக வருகிறார். இரண்டாங்கட்டைத் தாண்டும்போது நடை குறைகிறது. வளவில் வெயிலுக்குள் வந்து ஒரு நொடி நிற்கிறார். முகப்புக்கு வரும்போது கோபம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. "செருப்பை வெளியே விட்டுட்டு வா." இவ்வளவுதான் வசனம். உள்ளே வரச் சொல்லிவிட்டார், ஆனால் மன்னிக்கவில்லை. இதைச் சென்னையில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதியிருக்கவே முடியாது, ஏனென்றால் அந்த நடை எனக்குத் தெரியாது.

அடுத்தது அடுப்படி. அந்த வீட்டில் பங்காளிகளில் ஒருவரான வயதான ஆச்சி மட்டும் குடியிருந்தார். மற்றவர்கள் சென்னையிலும் மலேசியாவிலும். லைட்டிங் நேரத்தில் நான் இரண்டாங்கட்டில் ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சண்டை போடும் சீனை எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர் என்னிடம் கேட்டார்: "எங்கள்ல கல்யாணம் முடிஞ்சதும் வேறு வச்சிருவாக. அரிசி, பருப்பு எல்லாம் அளந்து கொடுத்துருவாக. எனக்குன்னு அறை, எனக்குன்னு அடுப்பு. மாமியா அடுப்புல நான் எதுக்குப் போயி நிக்கிறேன்?"

நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார் வீடுகளில் அதுதான் வழக்கம். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஒரு அறை. ஒரே கூரைதான், உலை மட்டும் தனித்தனி. ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனால் திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். அதுவரை வரவு செலவு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் இங்கே பெண்கள் கையில். ஆச்சியின் மாமனார் 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர் என்றார். அவர் வந்து சேர்ந்த அன்றைக்கு வீட்டில் எந்தெந்த அடுப்பு எரிந்தது, எந்த அடுப்பில் அவருக்குக் கஞ்சி வைத்தார்கள் என்று தன் மாமியார் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னார். அன்று ராத்திரி லாட்ஜில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே பானை என்று எல்லா சீரியலிலும் எழுதுகிறோமே, இங்கே தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து இருந்திருக்கிறார்களே!

அதன்பிறகு கதையில் சண்டையே மாறிவிட்டது. ஒரு மருமகள் அடுப்பில் கருவாடு வறுக்கும் வாசனை, இன்னொருத்தி நோன்பு இருக்கும் அறைக்குப் போகிறது. யாரும் எதுவும் பேசுவதில்லை. ஒரு கதவு சாத்தப்படுகிறது. அடுத்த எபிசோடில்தான் அதற்குப் பதில் வரும்.

பூட்டிக் கிடந்த அறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அனுமதி கொடுத்தாலும் ஒவ்வொரு பங்காளியின் அறையும் பூட்டித்தான் இருக்கும். உள்ளே அவரவர் சாமான்கள், வெள்ளிப் பாத்திரம், பெட்டி. எங்களுக்குத் திறந்துவிட்டது இரண்டே அறைகள். பேப்பரிலோ நாலு மகன்களுக்கு நாலு பெட்ரூம். ஆர்ட் டைரக்டர் இரண்டு அறையையே திரை மாற்றி நாலாகக் காட்டலாம் என்றார். நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். பூட்டு பூட்டாகவே தெரியட்டும். "அது சித்தப்பா அறை, சாவி பினாங்குல இருக்கு" என்று ஒரு குழந்தை சொல்லும் வரியை முதல் எபிசோடிலேயே வைத்தேன். அந்த ஒரு வரியால் கண்ணில் படாத சித்தப்பா ஒருவர் கதைக்குள் வந்துவிட்டார். கடைசியில் அவர் வந்து கதவைத் திறப்பதுதான் கிளைமாக்ஸ் ஆனது. நான் சென்னையிலிருந்து கொண்டுபோன கதைச் சுருக்கத்தில் சித்தப்பாவே கிடையாது.

மழையில் எடுத்த சீன் ஒன்று உண்டு. பங்குனி மாசம், யாரும் மழையை எதிர்பார்க்கவில்லை. அண்ணனும் தம்பியும் வளவில் நின்று வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றிச் சண்டை போடுகிறார்கள். சீனை முழுசாக எடுக்கும் மாஸ்டர் ஷாட் முடிந்து அண்ணனின் குளோசப் எல்லாம் எடுத்தாயிற்று. தம்பி பக்கம் கேமராவைத் திருப்பும்போது கொட்ட ஆரம்பித்துவிட்டது. கல் தரை முழுக்க நனைந்து, வெளிச்சமும் போய்விட்டது. அண்ணனாக நடித்தவருக்கு அன்று ராத்திரி ரயில், மறுநாள் வேறு கம்பெனியில் கால்ஷீட். காய்ந்த தரையில் அண்ணன் பேச, நனைந்த தரையில் தம்பி பதில் சொன்னால் மேட்ச் ஆகாது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். டைரக்டர் என்னைப் பார்க்கிறார்.

ஆச்சி அன்று வளவின் ஒரு மூலையில் கோரைப் பாயில் வடகம் காயப் போட்டிருந்தார். ஃபிரேமில் விழக்கூடாது என்று காலையிலேயே நகர்த்தி வைத்திருந்தோம். மழை வந்ததும் லைட்மேன் ஒருவரும் மேக்கப்மேனும் ஓடிப்போய்ப் பாயின் இரண்டு முனையையும் பிடித்து, நடுவில் வடகம் சரியாமல் குழித்துத் தூக்கித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்ததும் ரைட்டிங் பேடை எடுத்து அங்கேயே எழுதினேன். "இந்த வீட்டுல உனக்கு என்னடா பாத்தியதை?" என்று அண்ணன் கேட்டு முடிக்கிறான். இடி. உள்ளேயிருந்து அம்மாவின் குரல், "வடகம் நனையுது!" அண்ணன் ஒரு முனை, தம்பி ஒரு முனை, பேசாமல் பாயைத் தூக்குகிறார்கள். தாழ்வாரத்தில் இறக்கி வைத்துவிட்டு, ஓட்டில் மழை விழும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சண்டையைத் தொடர்கிறார்கள். அண்ணனுக்குக் கூடுதலாக இரண்டு ஷாட்தான். அவர் ரயிலைப் பிடித்துவிட்டார். ஆச்சியின் வடகத்தைக் கொஞ்சம் பாழாக்கிவிட்டோம், அதற்கு யூனிட் பணம் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது வாட்ஸ்அப்பில் பேப்பர் போகிறது, வேகம் வந்துவிட்டது, சரி. ஆனால் வாரம் ஐந்து ஆறு எபிசோட் பார்க்கும்போது எல்லா வீடும் ஒரே வீடாக இருக்கிறது. காரைக்குடி என்று போர்டு போடுகிறார்கள், பேச்சும் சண்டையும் வளசரவாக்கம் ஹாலில் நடக்கிறது. எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிறது தம்பி. நம்மிடம் எத்தனை விதமான வீடுகள் இருக்கின்றன!

---

ஊரணிக்கரை:

பேனாக்காரி அக்கா, படிக்கப் படிக்க எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. நான் காரைக்குடிப் பக்கம். எங்கள் வீட்டையும் ஷூட்டிங்குக்கு விட்டிருக்கிறோம்.

தம்பிக்கு இரண்டு விஷயம். ஒன்று, ஊரில் எல்லோரும் நகரத்தார் இல்லை. சீரியலில் வண்டிக்காரர், பால்காரர், கடைக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், பார்க்கிற பெண்களையெல்லாம் ஆச்சி என்கிறார்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று சந்தை நாளில் கடைத்தெருவில் நின்று கேளுங்கள். அம்மாவைப் பெற்றவள் ஆயா, அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா. இதைக்கூட மாற்றி எழுதுகிறார்கள்.

இன்னொன்று வீட்டைப் பற்றி. எழுத்தாளர் சொன்னால் யூனிட்டில் கேட்பார்களா என்று தெரியாது, இருந்தாலும் சொல்லுங்கள். எங்கள் சுவர் சிமென்ட் இல்லை. சுண்ணாம்பை அரைத்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது. அதில் டேப் ஒட்டிப் பிய்த்தால் பூச்சோடு வரும். ஆணி அடித்தால் விரிசல் ஓடும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகக் குறைவு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் லைட் ஸ்டாண்டை இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் முகப்பில் ஒரு பூக்கல் அப்படி உடைந்தது. அதே நிறத்தில் இன்னொன்று வார்த்து வாங்க நாங்கள் ஆத்தங்குடிக்கு அலைந்தோம்; புதுக் கல் பழசோடு சேரவே இல்லை.

சுவரில் படம் மாட்டுகிற மாதிரி சீன் எழுதாதீர்கள். எழுதினால் அவர்கள் மாட்டிவிடுவார்கள்.

---

புதுப்பேடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போவது என்று முடிவு செய்துவிட்டேன். பேனாக்காரி அக்காவிடம் ஒரு சந்தேகம். இப்போது ஒவ்வொரு சீனையும் முன்கூட்டியே சேனலுக்கு அனுப்பி ஓகே வாங்க வேண்டும். நீங்கள் செய்தது போல ஸ்பாட்டில் மாற்றினால் பிரச்சினை வராதா? அப்புறம், ஷெட்யூல் தொடங்கும்போது போவதா, முன்னாலேயே போவதா?

---

பேனாக்காரி:

முன்னாலேயே போங்கள் தம்பி. டைரக்டரும் கேமராமேனும் லொகேஷன் பார்க்கப் போவார்கள் அல்லவா, அந்த வண்டியிலேயே ஏறிக்கொள்ளுங்கள். அதற்கு டிக்கெட்டும் வேண்டாம். அவர்கள் எங்கே கேமரா வைக்கலாம், எத்தனை மணிக்கு வளவில் வெயில் விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் வீட்டில் இருப்பவர்களோடு பேசுங்கள். எந்தெந்த அறை திறப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். எந்தத் தேதியில் பங்காளிகள் முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருவார்கள் என்றும் கேளுங்கள், அன்றைக்கு வீடு கிடைக்காது. அப்புறம் ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு உங்கள் வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். முகப்பில் ஆண்கள் பேசுவது இரண்டாங்கட்டில் கேட்குமா என்று யாரையாவது நிற்க வைத்துப் பேசிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கேட்கவில்லை. அதனால் ஒட்டுக்கேட்கும் சீன்கள் எல்லாம் போய், இரண்டு பக்கமும் ஓடிப்போய்ச் செய்தி சொல்லும் ஒரு சின்னப் பையன் பாத்திரம் வந்தது. அவன் பாதியை விட்டுவிட்டுச் சொல்வான், அதிலிருந்து அடுத்த சீன் பிறக்கும்.

சேனல் விஷயம். எங்கள் காலத்திலும் கதைச் சுருக்கம் கொடுத்து ஓகே வாங்கித்தான் எடுத்தோம். சீன் எதில் முடிகிறதோ அதை மாற்றாதீர்கள். அண்ணன் தம்பி பிரிவது என்று முடிவானால் பிரியத்தான் வேண்டும். எங்கே நின்று, எதைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை வார்த்தையில் பிரிகிறார்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதை மாற்ற டைரக்டர் ஒருவர் சம்மதித்தால் போதும். சித்தப்பா மாதிரி புது ஆள் வருவதாக இருந்தால் மட்டும் அன்றைக்கே சேனலில் பேசிவிடுங்கள், எடுத்த பிறகு சொன்னால் சிக்கல்.

ஊரணிக்கரை தங்கச்சி சொன்ன சுவர் விஷயத்தை மேனேஜரிடம் சொல்லாதீர்கள், ஆர்ட் அசிஸ்டென்டிடம் நேராகச் சொல்லுங்கள். ஆணி அடிப்பது அவர்தான். ரூம் கொடுக்கும்போது ஜெனரேட்டர் வேன் நிற்கும் பக்கம் வேண்டாம் என்று கேளுங்கள். ராத்திரியில்தான் உங்களுக்கு எழுத நேரம் கிடைக்கும்.

எந்த ஊர், எந்த மாதிரி வீடு என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள். வேறு வைப்பது, சீர் செய்முறை, படைப்பு இதெல்லாம் கதையில் வந்தால் ஊரணிக்கரையிடம் பேப்பரை ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்புங்கள்.